பிள்ளைகள் கேள்வி கேட்கும் பண்டிகைகள்

யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையை எப்படி ஆசரிக்க வேண்டும் என்று இஸ்ரவேலருக்குச் சொல்லப்படும் இடத்தில், ஆட்டுக்குட்டியைப் பற்றியும் வாசல் நிலைக்கால்களைப் பற்றியும் கட்டளைகள் வந்த பிறகு, பிள்ளைகளைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. இந்த ஆராதனையின் பொருள் என்னவென்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது இன்னின்ன பதிலைச் சொல்லுங்கள் என்கிறது அந்தக் குறிப்பு. யோசுவா 4ஆம் அதிகாரத்திலும் இதே முறையைக் காணலாம். யோர்தானின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்து வைக்கச் சொல்லும்போது, பிற்காலத்தில் பிள்ளைகள் அவற்றைப் பார்த்து, இந்தக் கற்கள் எதற்கு என்று கேட்பார்கள் என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இரண்டு இடங்களிலும் பெரியவர்கள் முதலில் ஒன்றைச் செய்கிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். விளக்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

திருச்சபையின் பண்டிகைகளையும் காலங்களையும் பிள்ளைகளோடு வீட்டில் எப்படி ஆசரிப்பது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் இந்த இரண்டு அதிகாரங்களைத்தான் முதலில் வாசிக்கச் சொல்கிறேன். எந்தச் செயல்பாட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோலும் அங்கிருந்து வந்ததுதான்: அதைப் பார்க்கும் பிள்ளைக்கு ஏன் என்று கேட்கத் தோன்றுகிறதா? அப்படித் தோன்ற வேண்டுமானால், அந்தப் பொருள் வீட்டில் எல்லாருடைய கண்ணிலும் படும் இடத்தில், சில நாட்களாவது, முடிவடையாத நிலையில் இருக்க வேண்டும். பண்டிகை நாளன்று ஆராதனையும் விருந்தினரும் புத்தாடையுமாக வீடு பரபரப்பாக இருப்பதால் பிள்ளை கேட்பதற்கும் நேரமில்லை, நாம் உட்கார்ந்து பதில் சொல்வதற்கும் நேரமில்லை. பண்டிகைக்கு முந்தைய வாரங்களுக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது இதனால்தான்.

திருச்சபை ஆண்டு தொடங்குவதே அப்படிப்பட்ட வாரங்களில்தான். திருவருகைக் காலம் நவம்பர் 30ஆம் தேதிக்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று ஆரம்பித்து, நான்கு ஞாயிறுகளைக் கடந்து கிறிஸ்துமஸில் முடிகிறது. ஆண்டைப் பொறுத்து அது 22 நாட்களாகவோ 28 நாட்களாகவோ இடைப்பட்ட ஓர் எண்ணாகவோ இருக்கும். இந்தக் காலத்தில் ஏற்றும் மெழுகுவர்த்தி வளையத்தின் கதையே பிள்ளைகளின் கேள்வியிலிருந்து பிறந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஓர் இல்லத்தை நடத்திய யோஹான் ஹின்ரிச் விசெர்ன் என்ற லூத்தரன் ஊழியரிடம், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று அந்தப் பிள்ளைகள் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் வாரநாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் அதில் பொருத்தி, நாளொன்றுக்கு ஒன்றாக ஏற்றத் தொடங்கினார்.

வீட்டில் நான்கு மெழுகுவர்த்திகள் போதும். ஞாயிறு மாலையில் விளக்குகளை அணைத்துவிட்டு, அந்த வாரத்திற்குரிய மெழுகுவர்த்தியை வீட்டின் கடைசிப் பிள்ளை பெரியவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏற்ற, மற்றொருவர் சில வசனங்களை வாசிக்க, ஒரு பாட்டும் ஒரு சிறு ஜெபமுமாகப் பத்து நிமிடங்களுக்குள் முடித்துக்கொள்ளலாம். முதல் வாரத்தில் ஒன்று மட்டும் எரிய, மற்ற மூன்றும் ஏற்றப்படாமல் நிற்கும் காட்சி சிறு பிள்ளைகளைத் தொந்தரவு செய்யும். எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமே என்பார்கள். அதை அவசரப்பட்டு நிறைவேற்றி வைக்காதீர்கள். தீர்க்கதரிசிகள் எத்தனை தலைமுறைகளாகக் காத்திருந்தார்கள் என்பதை அந்த மூன்று திரிகளைக் காட்டிப் பேசலாம்.

குடிலுக்கும் இதே முறைதான். 1223இல் அசிசியின் பிரான்சிஸ், இத்தாலியில் கிரெச்சோ என்ற சிற்றூரில் முன்னணை எனப்படும், வைக்கோல் நிரப்பிய ஒரு தீவனத் தொட்டியையும் ஒரு மாட்டையும் ஒரு கழுதையையும் வைத்துக் கிறிஸ்து பிறப்பின் இரவை மக்களுக்குக் கண்முன் கொண்டுவந்தார். அன்று முதல் குடில் கட்டும் வழக்கம் உலகெங்கும் பரவியது. பெரும்பாலான வீடுகளில் ஒரே மாலையில் குடில் முழுவதையும் அமைத்து, குழந்தை இயேசுவின் உருவத்தையும் அப்போதே வைத்துவிடுகிறார்கள். நாங்கள் அதை நான்கு வாரங்களுக்குப் பிரித்துக்கொண்டோம். முதல் ஞாயிறன்று கூரையும் காலியான முன்னணையும் மட்டும் இருக்கும். அடுத்த வாரம் மாடும் கழுதையும் வரும். யோசேப்பும் மரியாளும் அறையின் மறுகோடியில் இருக்கும் அலமாரியிலிருந்து புறப்பட்டு, நாள்தோறும் ஒரு சாண் தூரம் நகர்ந்து வருவார்கள். அவர்களை நகர்த்துவது பிள்ளைகளின் பொறுப்பு. மேய்ப்பர்களும் குழந்தையும் 24ஆம் தேதி இரவுதான் குடிலுக்கு வருவார்கள்.

என் இளைய மகள் ஒரு நாள் அந்த முன்னணைக்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, 'குழந்தையை எங்கே வெச்சிருக்கீங்க?' என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்றேன். 'வரும்னு மாட்டுக்குத் தெரியுமா?' என்றாள். லூக்கா எழுதிய பிறப்பின் வரலாற்றில் மாடும் கழுதையும் இல்லை. அவை குடிலுக்குள் வந்ததற்குப் பின்னால் ஏசாயா முதல் அதிகாரத்தின் 3ஆம் வசனம் இருக்கிறது. மாடு தன் எஜமானையும் கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும், என் ஜனமோ அறியவில்லை என்று தேவன் வருத்தப்படும் வசனம் அது. அன்று மாலை குடும்ப ஜெபத்தில் அதையே வாசித்தோம். வயதில் மூத்த அண்ணனைக் காட்டிலும் அவள்தான் அதைக் கவனமாகக் கேட்டாள்.

முன்னணையை வைக்கோலால் நிரப்பும் பழக்கமும் நல்லது. வீட்டிலுள்ள ஒருவர் மற்றொருவருக்கு யாரும் அறியாமல் ஓர் உதவி செய்யும்போதெல்லாம் ஒரு துரும்பை எடுத்து முன்னணையில் இட வேண்டும். குழந்தை படுப்பதற்குள் அது மெத்தென்று ஆகியிருக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் இலக்கு. ஆனால் யார் எத்தனை துரும்பு இட்டார்கள் என்று எண்ணத் தொடங்கினால் அது போட்டியாகிவிடும். எண்ணிக்கையைப் பெரியவர்கள் ஒருபோதும் கேட்கக் கூடாது, பாராட்டும் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டிற்கு லூக்கா சுவிசேஷம் மிகவும் பொருத்தமானது. அதில் 24 அதிகாரங்கள் இருப்பதால், டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி நாளுக்கொன்றாக வாசித்தால் 24ஆம் தேதி இரவு முடிந்துவிடும். முதல் அதிகாரத்தில் 80 வசனங்கள் இருப்பதால் அன்று மட்டும் எல்லாரும் பங்கிட்டு வாசிப்பது நல்லது. இந்த முறையில் ஒரு சிறப்பு உண்டு: குழந்தை பிறக்கும் இரவில் நாம் வாசிக்கும் கடைசி அதிகாரம் காலியான கல்லறையைப் பற்றியது. பிறப்பின் இரவில் உயிர்த்தெழுதலை ஏன் வாசிக்கிறோம் என்று பதின்வயதுப் பிள்ளை கேட்டால், அந்த உரையாடலுக்காக இரவு உணவு சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை.

ஏசாயா 11ஆம் அதிகாரத்திலிருந்து பெயர் பெற்ற, தாவீதின் தகப்பனான ஈசாயின் பெயரிலுள்ள ஈசாய் மரத்தையும் சில குடும்பங்கள் அமைக்கின்றன. காய்ந்த கிளை ஒன்றை ஒரு சாடியில் நட்டு, ஆதாம் முதல் மரியாள் வரை ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளத்தை வரைந்து நாள்தோறும் தொங்கவிடுவார்கள். மத்தேயு தரும் வம்ச வரலாற்றில் வரும் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகியோரை இந்தக் கிளையில் விட்டுவிடாதீர்கள். ராகாபுக்குச் சிவப்புக் கயிறு, ரூத்துக்குக் கதிர்க்கட்டு என்று வரைய எளிதாக இருப்பதோடு, இவர்கள் ஏன் இயேசுவின் குடும்பத்தில் இருக்கிறார்கள் என்ற கேள்வியும் தானாக வரும்.

கிறிஸ்துமஸ் ஒரு நாளில் முடிந்துவிடுவதாகப் பிள்ளைகள் நினைப்பதற்கு நாம் அலங்காரங்களை உடனே கழற்றி வைப்பதும் ஒரு காரணம். திருச்சபை மரபில் அந்தக் காலம் 12 நாட்கள் நீடித்து, ஜனவரி 6ஆம் தேதி வரும் பிரசன்னத் திருநாளை அடைகிறது. அந்த நாட்களில் டிசம்பர் 28, ஏரோதினால் கொல்லப்பட்ட பெத்லகேம் குழந்தைகளை நினைவுகூரும் நாள். இயேசுவின் குடும்பமே இரவோடு இரவாக எகிப்துக்குத் தப்பியோடிய குடும்பம் என்பதை அன்று சொல்லி, போரினால் வீடிழந்த பிள்ளைகளுக்காக நம் பிள்ளைகள் தங்கள் சொந்த வார்த்தைகளில் ஜெபிக்கலாம், தங்கள் பரிசுகளில் ஒன்றைக் கொடுத்துவிடவும் செய்யலாம். எதைக் கொடுப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். குழந்தை இயேசுவைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளின் உருவங்கள் இந்த 12 நாட்களும் வீட்டின் வேறு அறைகளிலிருந்து பயணம் செய்து 6ஆம் தேதி குடிலை அடையும். அன்று மத்தேயு 2ஆம் அதிகாரத்தைக் கொடுத்து, சாஸ்திரிகள் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதா, அவர்கள் குழந்தையைத் தொழுவத்தில் கண்டார்களா என்று தேடச் சொல்லுங்கள். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைகள்தான் மூன்று, ஆட்களின் எண்ணிக்கை அங்கே இல்லை, அவர்கள் வந்தது ஒரு வீட்டிற்கு என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்போது வேதாகமத்தை வரிவரியாகப் படிக்கும் ஆர்வம் அவர்களுக்குள் எழுகிறது.

ஈஸ்டருக்கு ஆயத்தமாகும் லெந்து காலம் பிள்ளைகளுக்குக் கடினமானது, ஏனெனில் அது நீளமானது. சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை 46 நாட்கள். ஞாயிறுகளைக் கழித்தால் 40. பிள்ளைகளைப் பெரியவர்களைப் போல் உபவாசம் இருக்கச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆனால் வீடு முழுவதும் சேர்ந்து ஒரு விருப்பப் பொருளை விட்டுவிட்டு, அதில் மிச்சமாகும் பணத்தை ஓர் உண்டியலில் சேர்த்து, தேவைப்படும் ஒருவருக்குப் பிள்ளைகளின் கையாலேயே கொடுக்கச் செய்வதில் அவர்களுக்கும் பங்குண்டு. லெந்து நாட்களில் 'அல்லேலூயா' பாடாமல் இருப்பது பல திருச்சபைகளின் மரபு என்பதால், சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் அந்தச் சொல்லைப் பெரிய தாளில் எழுதி, பிள்ளைகளை வண்ணம் தீட்டச் செய்து, ஒரு பெட்டியில் மூடி, கண்ணில் படும்படி வைத்துவிடலாம். ஈஸ்டர் காலை வரை அதைத் திறக்கக் கூடாது. சில நாட்களிலேயே திறக்கலாமா என்ற கேள்வி வரும், பல முறை வரும்.

பரிசுத்த வாரத்திற்கு நான் மிகவும் விரும்பிச் செய்வது எட்டுச் சிறு பெட்டிகள். காலியான தீப்பெட்டிகளுக்கு வெள்ளைத் தாள் ஒட்டி, ஞாயிறு முதல் ஞாயிறு வரை கிழமைகளை எழுதி வரிசையாக வைக்க வேண்டும். நாளுக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று ஓர் ஓலைத் துண்டு. திங்களன்று ஒரு பறவை இறகு, தேவாலயத்தில் இயேசு கவிழ்த்த புறா வியாபாரிகளின் ஆசனங்களுக்காக. செவ்வாயன்று மிகச் சிறிய இரண்டு காசுகள், காணிக்கைப் பெட்டியில் தனக்கு உள்ளதெல்லாம் போட்ட விதவைக்காக. புதனன்று வாசனைத் தைலம் தொட்ட பஞ்சு. பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவின் சிரசில் ஊற்றிய தைலத்தின் கதை அன்று வாசிக்கப்படும்போது, அந்தப் பஞ்சு ஒவ்வொருவரின் கைக்கும் மாறிச் செல்லும். வியாழனன்று துவாலைத் துணி, வெள்ளியன்று ஓர் ஆணி, சனியன்று ஒரு கூழாங்கல். கடைசிப் பெட்டியில் ஒன்றும் இருக்காது. அதைத் திறக்கும் பிள்ளை பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு, வைக்க மறந்துவிட்டீர்களா என்று கேட்கும். மாற்கு 16ஆம் அதிகாரத்தை வாசிக்க அதைவிட ஏற்ற நேரம் இல்லை.

குருத்தோலை ஞாயிறன்றே ஒரு தட்டையான தட்டில் மண் பரப்பி, சிறு மண்சட்டி ஒன்றைப் பக்கவாட்டில் கிடத்திக் கல்லறையாக்கி, அதன் வாயில் ஒரு கல்லை வைத்து, சுற்றிலும் கடுகைத் தூவித் தண்ணீர் தெளித்துவிடலாம். கடுகு சில நாட்களில் முளைக்கும் என்பதால், ஈஸ்டர் காலையில் பிள்ளைகள் எழும் முன்பே கல்லைப் புரட்டி வைக்கும்போது தோட்டம் பச்சையாக இருக்கும். வாரம் முழுவதும் தண்ணீர் தெளிப்பது பிள்ளைகளின் வேலை. கோதுமை மணி நிலத்தில் விழுந்து செத்தால்தான் பலன் தரும் என்று இயேசு சொன்னதை யோவான் 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கும்போது அவர்களின் விரல்களில் மண் இருக்கட்டும்.

பெரிய வியாழன் மாலையில் கால் கழுவுங்கள். இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவியதைச் சொல்லும் யோவான் 13ஆம் அதிகாரத்தை வாசித்த பிறகு, அப்பாவோ அம்மாவோ தரையில் மண்டியிட்டு, ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் பிள்ளைகளின் கால்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். சிறியவர்கள் கூச்சத்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வளர்ந்த பிள்ளைகள் வேண்டாம் என்று காலை இழுத்துக்கொள்வார்கள். பேதுருவும் அதைத்தானே செய்தார் என்று அவர்களிடம் சொல்லலாம், வற்புறுத்த வேண்டியதில்லை. பிறகு வெளியே அழைத்துச் சென்று நிலாவைக் காட்டுங்கள். மார்ச் 21ஆம் தேதியிலோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்று மேற்கத்திய திருச்சபைகள் கணக்கிடுவதால், பெரிய வியாழனன்று நிலா முழுமையை ஒட்டியே இருக்கும். 2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, முழுநிலவோ சரியாகப் பெரிய வியாழனன்று. பஸ்காவும் முழுநிலவுக் காலத்துப் பண்டிகைதான். ஆகவே கெத்செமனேயில் இயேசு ஜெபித்த இரவிலும் இப்படித்தான் நிலா இருந்திருக்கும் என்று சொல்லும்போது, தூரத்துக் கதையாக இருந்தது பிள்ளைகளின் தலைக்கு மேலேயே வந்துவிடுகிறது.

பெரிய வெள்ளியைப் பற்றிச் சிறு பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது என்ற தயக்கம் பல பெற்றோருக்கு இருக்கிறது. இயேசு மரித்தார் என்பதை மறைக்கவோ மென்மையான வேறு சொல்லால் மூடவோ வேண்டாம், அதே நேரம் காயங்களை விவரித்துப் பயமுறுத்தவும் வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அதற்கு மேற்பட்டவர்கள் ஞாயிறு வரை காத்திருக்கக் கூடியவர்கள். பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூமியெங்கும் இருள் சூழ்ந்ததைச் சுவிசேஷங்கள் சொல்வதால், அந்த மூன்று மணி நேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லாமல் வீடு அமைதியாக இருப்பதே போதுமான செயல்பாடு.

ஈஸ்டர் நாளின் மாலையை எம்மாவு நடைக்காக வைத்துக்கொள்ளுங்கள். லூக்கா 24இல் எம்மாவு என்ற ஊருக்குப் போன இரண்டு சீஷர்களோடு, உயிர்த்தெழுந்த இயேசு வழியில் வந்து சேர்ந்துகொள்கிறார். அவர்கள் நடந்தது ஏறக்குறைய 11 கிலோமீட்டர். பிள்ளைகளோடு அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. பாதி வழியில் ஒருவர் பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொண்டு, எதைப் பற்றிப் பேசிக்கொண்டு நடக்கிறீர்கள் என்று கேட்க, அந்த வாரம் பெட்டிகளில் கண்டதையெல்லாம் பிள்ளைகளே அவருக்குச் சொல்லட்டும். ஈஸ்டரையும் சேர்த்து எண்ணினால் 50ஆம் நாளாக வருவது, பரிசுத்த ஆவி இறங்கிச் சீஷர்கள் பல மொழிகளில் பேசியதை நினைவுகூரும் பெந்தெகொஸ்தே. அன்று அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தை வாசித்து, வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிந்த மொழிகளிலெல்லாம் பரமண்டல ஜெபத்தை ஒரே நேரத்தில் சொல்லிப் பாருங்கள். காகிதக் காற்றாடி செய்வதற்கும் அது நல்ல நாள்.

அதன் பிறகு அடுத்த திருவருகைக் காலம் வரை ஆண்டின் ஏறத்தாழப் பாதி, பெரிய பண்டிகை ஏதுமின்றிச் செல்லும். இந்த மாதங்களுக்கு நான் பரிந்துரைப்பவை இரண்டே. ஒன்று, ஒவ்வொரு பிள்ளையின் ஞானஸ்நான நாளையும் அல்லது பிரதிஷ்டை செய்யப்பட்ட நாளையும் பிறந்தநாளைப் போலவே கொண்டாடுவது. அன்றைய நிழற்படத்தை எடுத்து வைத்து, யார் யார் வந்திருந்தார்கள், யார் ஜெபித்தார்கள், எதற்காக அழுதாய் என்றெல்லாம் சொல்லச் சொல்லப் பிள்ளைகளுக்குக் கேட்டு அலுக்காது. மற்றொன்று, நவம்பர் 1ஆம் தேதி வரும் சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று, விசுவாசத்தை நமக்குக் கொடுத்துச் சென்ற தாத்தா பாட்டிகளின் படங்களை மேசையில் வைத்து, அவர்கள் எப்படி ஜெபித்தார்கள், எந்தச் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள் என்று பேசுவது. அவர்கள் கோடிட்ட பழைய வேதாகமம் வீட்டில் இருந்தால் அதையே பிள்ளைகளின் கையில் கொடுத்து, எந்த வசனத்தின் கீழ் கோடு இருக்கிறது, ஏன் இருக்கும் என்று பார்க்கச் சொல்லலாம்.

இவை எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முயல வேண்டாம். ஒரு காலத்திற்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டு, அதையே ஆண்டுதோறும் மாற்றாமல் செய்தால், மூன்றாம் ஆண்டில் பெட்டிகளையும் உருவங்களையும் எங்கே வைத்திருக்கிறோம் என்று பிள்ளைகளே தேடி எடுத்து வருவார்கள். பதின்வயதினருக்குப் பார்வையாளர் இடம் பிடிக்காது. வாசிக்கும் பகுதியைத் தேர்வதையும், தங்கை தம்பியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்வதையும் அவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். கேட்கப்படும் கேள்விகளை ஒரு நோட்டில் தேதியிட்டு, பிள்ளையின் சொற்களிலேயே எழுதி வையுங்கள். உடனே பதில் சொல்ல முடியாதவற்றைப் போதகரிடம் கேட்க வேண்டியவை என்று குறித்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளையையே அவரிடம் அழைத்துச் சென்று கேட்கச் செய்யுங்கள்.